மாண்ட்ரியல் ஒப்பந்தம்: ஓசோன் படலத்தைக் காத்த சட்டம்

அரசாங்கம் சட்டம் போட்டுச் சுற்றுச்சூழலைக் காப்பாற்ற முடியுமா? இந்தக் கேள்விக்கு நம்மில் பலர் தயக்கமின்றி 'முடியாது' என்று சொல்லிவிடுவோம். தோல் தொழிற்சாலைக் கழிவு கலந்த பாலாற்றையும், சாயநீர் ஓடிய நொய்யலையும் கண்டவர்களுக்கு அந்த அவநம்பிக்கை இயல்பானதே. சட்டங்கள் அங்கேயும் இருந்தன. வாரியங்களும் அதிகாரிகளும் இருந்தார்கள். ஆறுகள்தாம் இல்லாமல் போயின.

ஆனால் 'முடியும்' என்று சொல்ல இடம் தரும் உதாரணங்களும் சில உண்டு. அவற்றுள் தலையாயது ஒரு கனடிய நகரத்தின் பெயரைத் தாங்கி நிற்கிறது. 1987ஆம் ஆண்டு செப்டம்பர் 16ஆம் நாள், மாண்ட்ரியலில் உள்ள சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் தலைமையகத்தில் 24 நாடுகளும் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகமும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. ஓசோன் படலத்தைக் குறைக்கும் பொருள்கள் பற்றிய மாண்ட்ரியல் நெறிமுறை என்பது அதன் பெயர். அந்த நாளையே உலக ஓசோன் தினமாக ஐ.நா. சபை கொண்டாடி வருகிறது. அந்தச் சட்டம் எப்படிப் பிறந்தது, எப்படி வேலை செய்தது, மற்றச் சட்டங்கள் தோற்ற இடத்தில் இது மட்டும் ஏன் வென்றது என்பதைப் பார்ப்போம்.

மூன்று மில்லிமீட்டர் குடை

நாம் சுவாசிக்கும் ஆக்சிஜன் மூலக்கூறில் இரண்டு அணுக்கள், ஓசோனில் மூன்று. தரைமட்டத்தில் ஓசோன் ஒரு நச்சு வாயு. ஆனால் தரையிலிருந்து ஏறத்தாழ 15 முதல் 35 கிலோமீட்டர் உயரத்தில் பரவி நிற்கும் ஓசோன்தான் சூரியனின் புற ஊதாக் கதிர்களில் கொடியவற்றைத் தடுத்து நிறுத்துகிறது. அந்தத் தடுப்பு மெலிந்தால் தோல் புற்றுநோய் பெருகும், கண்புரை கூடும், பயிர்களும் கடலின் நுண்ணுயிர்களும் பாதிக்கப்படும்.

படலம் என்றதும் தடித்த போர்வையை எண்ணிவிடக்கூடாது. நம் தலைக்கு மேலுள்ள ஓசோன் முழுவதையும் திரட்டிக் கடல்மட்டக் காற்றழுத்தத்துக்குக் கொண்டுவந்தால் அதன் தடிமன் சுமார் மூன்று மில்லிமீட்டர்தான் இருக்கும். அதை 300 டாப்சன் அலகு என்பார்கள். ஓசோனை அளக்கும் கருவியை வடிவமைத்த ஆங்கிலேய அறிஞர் டாப்சனின் பெயரால் வந்த அளவு இது.

குளிர்பெட்டியில் பிறந்த வாயு

ஆரம்பகாலக் குளிர்பெட்டிகளில் அம்மோனியா, சல்ஃபர் டை ஆக்சைடு, மெத்தில் குளோரைடு ஆகிய வாயுக்களைப் பயன்படுத்தினார்கள். அவை கசிந்தால் உயிருக்கே ஆபத்து. 1928இல் அமெரிக்க வேதியியலாளர் தாமஸ் மிட்ஜ்லியும் அவருடைய குழுவினரும் இதற்கு மாற்றாகக் குளோரோஃபுளோரோகார்பன் என்ற வாயுக்களை முன்வைத்தார்கள். சுருக்கமாக சி.எஃப்.சி. தீப்பிடிக்காது, நச்சில்லை, வாடையில்லை, எதனோடும் எளிதில் வினைபுரியாது, விலையும் மலிவு. ஃபிரியான் என்ற வணிகப் பெயரில் அது உலகெங்கும் பரவியது. குளிர்பெட்டி, ஏர் கண்டிஷனர், ஸ்பிரே டப்பா, மெத்தைகளின் நுரை, மின்னணுச் சாதனங்களைக் கழுவும் திரவம் என்று அது நுழையாத இடமில்லை.

எதனோடும் வினைபுரியாத குணமே அதன் பெருமை. பின்னால் அதுவே வினையாக முடிந்தது. வினைபுரியாத பொருள் அழிவதில்லை. எழுபதுகளின் தொடக்கத்தில் ஜேம்ஸ் லவ்லாக் என்ற பிரிட்டிஷ் அறிஞர் தாமே உருவாக்கிய நுண்ணிய கருவியைக் கொண்டு அட்லாண்டிக் கடலின் நடுவிலும் இந்த வாயு காற்றில் கலந்திருப்பதை அளந்து காட்டினார்.

அப்படியானால் அது கடைசியில் எங்கே போகிறது? கலிஃபோர்னியாவில் ஷெர்வுட் ரோலண்டும், அவரிடம் ஆய்வாளராகச் சேர்ந்திருந்த மெக்சிகோ நாட்டு இளைஞர் மரியோ மொலினாவும் இந்தக் கேள்வியைக் கேட்டார்கள். 1974 ஜூனில் 'நேச்சர்' இதழில் விடை வந்தது. சி.எஃப்.சி. மெல்ல மெல்ல மேலெழும்பி அடுக்கு மண்டலத்தை அடைகிறது. அங்கே புற ஊதாக் கதிர் பட்டு உடைந்து குளோரின் அணுவை விடுவிக்கிறது. ஓசோனைச் சிதைத்த பின்னும் அந்தக் குளோரின் அழிவதில்லை. அடுத்த மூலக்கூறைத் தேடிப் போகிறது. ஒரே ஒரு குளோரின் அணு ஏறத்தாழ ஒரு லட்சம் ஓசோன் மூலக்கூறுகளை அழிக்க வல்லது.

மறு ஆண்டே இந்தக் கதையில் ஒரு தமிழர் வருகிறார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்த வீரபத்ரன் ராமநாதனின் முதல் வேலை செகந்திராபாத்தில் ஒரு குளிர்பெட்டி நிறுவனத்தில். குளிர்பெட்டியிலிருந்து வாயு ஏன் கசிகிறது என்று கண்டுபிடிப்பதே அங்கே அவருக்கு இட்ட பணி. பிறகு அமெரிக்கா சென்று வளிமண்டல ஆய்வில் இறங்கினார். சி.எஃப்.சி. ஓசோனைத் தின்பதோடு நிற்பதில்லை, பூமியைச் சூடாக்குவதிலும் அதன் ஒரு மூலக்கூறு கரியமில வாயுவின் ஒரு மூலக்கூறைப் போலப் பல ஆயிரம் மடங்கு வலியது என்று 1975இல் 'சயன்ஸ்' இதழில் காட்டினார். அதன் முழுப் பொருளும் பிற்காலத்தில்தான் விளங்கியது.

துளை

ரோலண்ட், மொலினாவின் கணக்கை ரசாயனத் தொழிலதிபர்கள் ஏற்கவில்லை. நிரூபிக்கப்படாத ஊகம் என்றார்கள். ஆயினும் ஸ்பிரே டப்பாக்களில் சி.எஃப்.சி.யை அமெரிக்கா, கனடா, ஸ்வீடன், நார்வே ஆகிய நாடுகள் எழுபதுகளின் இறுதியையொட்டித் தடை செய்தன. மற்றப் பயன்பாடுகள் தொடர்ந்தன. 1980களில் உற்பத்தி மீண்டும் ஏறுமுகமானது. 1985 மார்ச்சில் வியன்னாவில் ஓர் உடன்படிக்கை உருவானது. ஓசோனைக் காக்க ஒத்துழைப்போம் என்று அது சொன்னதே தவிர, எதை எவ்வளவு குறைப்பது என்று சொல்லவில்லை.

இரண்டே மாதத்தில் ஒரு செய்தி வந்தது. அண்டார்ட்டிகாவில் ஹாலி என்னும் ஆய்வு நிலையத்தில் 1950களின் இறுதி முதல் ஓசோனை அளந்து வந்த பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் ஜோசப் ஃபார்மன், பிரையன் கார்டினர், ஜொனாதன் ஷாங்க்ளின் மூவரும், அக்டோபர் மாத ஓசோன் 300 அலகிலிருந்து 200க்கும் கீழே சரிந்துவிட்டது என்று அறிவித்தார்கள். இத்தனை பெரிய சரிவை எந்தக் கணக்கும் முன்னறிந்து சொல்லவில்லை. நாசாவின் செயற்கைக்கோளும் அதே வீழ்ச்சியைப் பதிவு செய்திருந்தது. ஆனால் நம்ப முடியாத அளவுக்குக் குறைந்த எண்களைப் பிழையாக இருக்கலாம் என்று கணினி நிரல் குறியிட்டு ஒதுக்கியிருந்தது. பழைய தரவுகளை மறுபடி எடுத்துப் பார்த்தபோது ஒரு கண்டத்தின் அளவுக்கு விரிந்த துளை தெரிந்தது. துருவத்தின் கடுங்குளிரில் உருவாகும் மேகங்களின் பரப்பில் குளோரின் மும்முரமாக வேலை செய்வதே காரணம் என்று சூசன் சாலமன் முதலிய அறிஞர்கள் விளக்கினார்கள். ரோலண்ட், மொலினா, பால் குருட்சன் மூவருக்கும் 1995இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

மாண்ட்ரியல், 1987

துளை கண்டுபிடிக்கப்பட்டதும் உலகம் உடனே ஒன்றுபட்டுவிட்டது என்று நினைப்பது தவறு. துளைக்குக் காரணம் சி.எஃப்.சி.தான் என்று 1987 செப்டம்பரில் ஐயமற நிறுவப்படவில்லை. கட்டுப்பாடு தேவை என்று சொன்ன நாடுகள் டொரொண்டோ குழு என்ற பெயரில் இயங்கின. கனடா, அமெரிக்கா, நார்வே, ஸ்வீடன், ஃபின்லாந்து, சுவிட்சர்லாந்து அதில் இருந்தன. ஐரோப்பியச் சமூகம் தன் ஆலைகளைக் காக்க நினைத்தது. அமெரிக்க அரசுக்குள்ளேயே எதிர்ப்பு இருந்தது. ஒப்பந்தத்துக்குப் பதிலாக மக்கள் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் அணிந்துகொள்ளலாம் என்று ஓர் அமைச்சர் யோசனை சொன்னதாகப் பத்திரிகைகளில் செய்தி வந்து நகைப்புக்கு இடமானது. இரு தரப்பையும் இழுத்துப் பிடித்து உடன்பாட்டுக்குக் கொண்டுவந்தவர் ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் தலைவராக இருந்த எகிப்தியர் முஸ்தஃபா தோல்பா.

ஒப்பந்தத்தின் முதல் வடிவம் மிதமானது. ஐந்து வகை சி.எஃப்.சி.க்களின் பயன்பாட்டை 1986ஆம் ஆண்டின் அளவில் நிறுத்தி, நூற்றாண்டின் இறுதிக்குள் பாதியாகக் குறைக்க வேண்டும். தீயணைப்புக் கருவிகளில் பயன்பட்ட மூன்று ஹாலோன்களை அப்போதைய அளவுக்கு மேல் பெருக்கக்கூடாது. இவ்வளவுதான். பாதியாகக் குறைத்தால் போதாது என்பது விரைவிலேயே தெரிந்துவிட்டது.

ஆனால் ஒப்பந்தத்தின் அமைப்பில் மூன்று நுட்பங்கள் இருந்தன. முதலாவது, விஞ்ஞானிகளும் தொழில்நுட்ப வல்லுநர்களும் நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறையாவது நிலைமையை ஆராய்ந்து அறிக்கை தரவேண்டும்; அதையொட்டிக் கெடு தேதிகளை முன்னே கொண்டுவரலாம். ஏற்கெனவே பட்டியலில் உள்ள பொருளுக்கு இப்படிச் செய்ய ஒவ்வொரு நாட்டின் நாடாளுமன்றத்துக்கும் மறுபடி போகத் தேவையில்லை. இரண்டாவது, சேராத நாடுகளோடு இந்தப் பொருள்களில் வணிகம் கிடையாது. வெளியே நிற்பவருக்கு இலாபம் என்ற நிலை மாறி, வெளியே நின்றால் நட்டம் என்றானது. மூன்றாவது, ஆளுக்கு 0.3 கிலோவுக்கும் குறைவாகப் பயன்படுத்தும் வளரும் நாடுகளுக்குப் பத்தாண்டு அவகாசம்.

ஒப்பந்தம் 1989 ஜனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பே, 1988 மார்ச்சில், உலகின் மிகப்பெரிய சி.எஃப்.சி. உற்பத்தியாளரான டூபாண்ட் நிறுவனம் உற்பத்தியை நிறுத்தப் போவதாக அறிவித்தது. பதினான்கு ஆண்டு எதிர்த்த நிறுவனம் ஏன் மனம் மாறியது? அறிவியல் சான்று வலுத்தது ஒரு காரணம். மாற்றுப் பொருளைத் தயாரிக்கும் வல்லமை அதனிடம் இருந்தது இன்னொரு காரணம். எல்லாப் போட்டியாளரையும் கட்டுப்படுத்தும் சட்டம் வந்துவிட்டால், மாற்றுப் பொருளை முதலில் சந்தைக்குக் கொண்டுவருபவருக்கே ஆதாயம். தொழிலதிபரின் பேராசையையும் தன் வேலைக்குப் பயன்படுத்திக்கொண்டதில் இந்தச் சட்டத்தின் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது.

யார் விலை கொடுப்பது?

இந்தியாவும் சீனாவும் முதலில் சேரவில்லை. அவர்களுடைய வாதம் நியாயமானது. இந்த வாயுக்களை வளிமண்டலத்தில் கொட்டியவை பணக்கார நாடுகள். நம் ஊரில் குளிர்பெட்டி நடுத்தரக் குடும்பங்களுக்கு அப்போதுதான் எட்டத் தொடங்கியிருந்தது. இப்போது விலை கூடிய மாற்றுப் பொருளை, அதுவும் அதே பணக்கார நாடுகளின் நிறுவனங்களிடமிருந்தே வாங்கு என்றால் எப்படி? 1990 ஜூனில் இலண்டனில் கூடிய மாநாட்டில் இந்தியாவின் சுற்றுச்சூழல் அமைச்சர் மேனகா காந்தி இதை விட்டுக்கொடுக்காமல் வாதாடினார்.

பலன் கிடைத்தது. பணக்கார நாடுகள் பணம் போட்டு, வளரும் நாடுகள் மாற்றத்துக்குச் செய்யவேண்டிய கூடுதல் செலவை ஏற்கும் பன்னாட்டு நிதியம் உருவானது. தொடக்கத்தில் 16 கோடி டாலர். சீனாவும் இந்தியாவும் சேர்ந்தால் 24 கோடி. அதை நடத்தும் குழுவில் பதினான்கு நாடுகள்: ஏழு பணக்கார நாடுகள், ஏழு வளரும் நாடுகள். சரிபாதி. அந்த நிதியத்தின் செயலகமும் மாண்ட்ரியலில்தான் அமைந்தது. இதுவரை அது 300 கோடி டாலருக்கு மேல் வழங்கியிருக்கிறது. சீனா 1991இலும் இந்தியா 1992இலும் ஒப்பந்தத்தில் சேர்ந்தன. இலங்கை 1989இலேயே சேர்ந்திருந்தது. ஒப்பந்தத்தின் செயலகத்தை 1991 முதல் 2000 வரை நடத்தியவரும் ஓர் இந்தியர்தான், கே. மாதவ சர்மா.

நம் ஊருக்கு அது எப்படி வந்து சேர்ந்தது? இந்தியாவில் சி.எஃப்.சி. தயாரித்த நான்கு நிறுவனங்களில் ஒன்று மேட்டூரில் ஆலை வைத்திருந்த கெம்பிளாஸ்ட் சன்மார். உற்பத்தியைப் படிப்படியாகக் குறைத்து மூடுவதற்காக நான்கு நிறுவனங்களுக்கும் சேர்த்து 8.2 கோடி டாலர் ஒதுக்க 1999இல் நிதியம் முடிவு செய்தது. 2000இல் இந்திய அரசு இதற்கெனத் தனி விதிகளை இயற்றியது. உற்பத்தி நிறுத்தக் கெடு 2010. ஆஸ்துமா நோயாளிகளின் மருந்துக் குப்பிகளுக்கு விலக்கு அளித்து, 2008 ஆகஸ்டு முதல் நாளே இந்தியா உற்பத்தியை நிறுத்தியது. சட்டத்தின் கெடுவுக்கு முன்பே ஒரு வேலை முடிந்தது என்பது நம் நாட்டில் அரிதாகக் கேட்கும் செய்தி.

திருட்டும் காவலும்

இந்தக் கதையில் மீறல்களும் உண்டு. தொண்ணூறுகளில் சி.எஃப்.சி. கடத்தல் பெரும் தொழிலானது. அமெரிக்காவில் பழைய கார்களின் ஏர் கண்டிஷனருக்கு அது தேவைப்பட்டது, வரியோ அதிகம். மயாமி துறைமுகத்தில் கொக்கெய்னுக்கு அடுத்தபடியாக மதிப்புள்ள கடத்தல் பொருள் இதுதான் என்று அப்போது செய்திகள் வந்தன. 1997இல் மீண்டும் மாண்ட்ரியலில் கூடியபோது, ஏற்றுமதி இறக்குமதிக்கு உரிமம் கட்டாயம் என்ற திருத்தத்தைக் கொண்டுவந்தார்கள். மண்ணைப் புகையூட்டப் பயன்படும் மெத்தில் புரோமைடை 2005இல் நிறுத்தவேண்டிய பணக்கார நாடுகளுள் அமெரிக்கா, ஸ்ட்ராபெரி போன்ற பயிர்களைக் காட்டி ஆண்டுக்கணக்கில் விலக்குப் பெற்றுக்கொண்டது.

எல்லாவற்றிலும் பெரிய மீறல் 2018 மே மாதம் வெளிப்பட்டது. உற்பத்தியே இல்லை என்று எல்லா நாடுகளும் கணக்குக் காட்டிய சி.எஃப்.சி.-11, காற்றில் எதிர்பார்த்த வேகத்தில் குறையவில்லை. யாரோ புதிதாகத் தயாரிக்கிறார்கள் என்று ஸ்டீபன் மொன்ட்ஸ்கா என்ற அமெரிக்க விஞ்ஞானியின் குழு காட்டியது. கொரியாவிலும் ஜப்பானிலும் உள்ள நிலையங்களின் அளவீடுகளைக் கொண்டு மறு ஆண்டு இன்னொரு குழு மூலத்தைத் தேடியது. கூடுதல் கசிவில் ஏறத்தாழ பாதி கிழக்குச் சீனாவின் ஷான்டோங், ஹபே மாகாணங்களைச் சுற்றி வருகிறது என்று தெரிந்தது. கட்டட நுரை செய்யும் சிறு ஆலைகள்மேல் சந்தேகம் விழுந்தது. சீன அரசு சோதனைகளைக் கடுமையாக்கியது. 2019க்குள் அளவு மீண்டும் சரிந்ததை 2021இல் வெளியான ஆய்வுகள் உறுதி செய்தன.

திருட்டு நடந்ததைவிட, அது பிடிபட்ட விதம் முக்கியம். நாடுகள் எழுதிக்கொடுத்த கணக்கை மட்டும் நம்பியிருந்தால் இது வெளிவந்திருக்காது. காற்றை நேரடியாக அளக்கும் நிலையங்கள் இருந்ததால், தாளில் இருந்த பொய் காற்றில் தெரிந்தது.

பலன்

2009இல் உலகின் எல்லா நாடுகளும் ஏற்ற முதல் ஐ.நா. ஒப்பந்தம் என்ற பெயரை இது பெற்றது. தடை செய்யப்பட்ட பொருள்களில் சுமார் 99 சதவீதம் பயன்பாட்டிலிருந்து நீங்கிவிட்டன. ஆனால் பழைய சி.எஃப்.சி. காற்றில் பல பத்தாண்டுகள் தங்கும். ஆகவே அண்டார்ட்டிகாவின் துளை இன்றும் ஆண்டுதோறும் திறக்கிறது. 2022ஆம் ஆண்டின் அறிவியல் மதிப்பீட்டின்படி, உலகின் பெரும்பகுதியில் ஓசோன் 1980ஆம் ஆண்டின் நிலையை 2040ஐ ஒட்டி எட்டும். ஆர்க்டிக்கில் 2045, அண்டார்ட்டிகாவில் 2066. இன்று பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் ஓய்வு பெறும் வயதில்தான் முழுக் குணம் தெரியும். 1890க்கும் 2100க்கும் இடையில் பிறக்கும் அமெரிக்கர்களில் மட்டும் 44 கோடி தோல் புற்றுநோய்கள் தவிர்க்கப்படும் என்று அந்நாட்டுச் சுற்றுச்சூழல் முகமை மதிப்பிட்டுள்ளது. கனடாவில் வானிலைச் செய்தியோடு வரும் புற ஊதாக் குறியீடும் இந்தக் கவலையில் பிறந்ததே. 1992இல் கனடிய விஞ்ஞானிகள் அதை உருவாக்கினார்கள். பிறகு உலகம் ஏற்றுக்கொண்டது.

ராமநாதன் 1975இல் சொன்னது இங்கே திரும்பி வருகிறது. சி.எஃப்.சி.யை ஒழித்ததால், ஓசோன் பிழைத்ததோடு பூமி சூடேறுவதும் கணிசமாகக் குறைந்தது. ஆனால் அதற்கு மாற்றாக வந்த எச்.எஃப்.சி. வாயுக்கள் ஓசோனைத் தொடாவிட்டாலும் சூடாக்குவதில் வல்லவை. அவற்றையும் குறைக்க 2016 அக்டோபரில் ருவாண்டாவின் கிகாலி நகரில் இதே ஒப்பந்தத்துக்குத் திருத்தம் வந்தது. இந்தியா 2021இல் அதை ஏற்றது. 2028இல் உறைநிலை, 2047க்குள் 85 சதவீதக் குறைப்பு என்பது அதன் கடமை. ஏர் கண்டிஷனர் வேகமாகப் பெருகிவரும் நாட்டில் அது எளிதல்ல.

அதே நகரம், வேறு கதைகள்

மாண்ட்ரியல் என்ற பெயர் வெற்றிக்கு மட்டும் சாட்சி அல்ல. 2005 இறுதியில் கியோட்டோ ஒப்பந்த நாடுகளின் முதல் கூட்டம் இதே நகரில்தான் நடந்தது. அதை ஏற்று நடத்திய கனடா, 2011 டிசம்பரில் அந்த ஒப்பந்தத்தைவிட்டே விலகுவதாக அறிவித்தது. 2015 நவம்பரில், நிலத்தடிக் கழிவுநீர்க் குழாயைப் பழுதுபார்ப்பதற்காக, மாண்ட்ரியல் மாநகராட்சி சில நாட்களில் ஏறத்தாழ 490 கோடி லிட்டர் சுத்திகரிக்காத கழிவுநீரை செயின்ட் லாரன்ஸ் ஆற்றில் விட்டது. சட்டத்தை மீறி அல்ல. மத்திய அரசின் நிபந்தனையுடன் கூடிய அனுமதியோடுதான்.

நொய்யலை நினைத்துப் பாருங்கள். திருப்பூரின் சாய ஆலைகள் கழிவுநீரைச் சொட்டுக்கூட வெளியே விடக்கூடாது என்று சென்னை உயர்நீதிமன்றம் 2006இல் உத்தரவிட்டது. உத்தரவு நிறைவேறாததால் 2011 ஜனவரியில் ஆலைகளை மூடவே ஆணையிட வேண்டி வந்தது. அதற்குள் ஒரத்துப்பாளையம் அணை சாயநீர்த் தேக்கமாகி, கீழேயிருந்த வயல்கள் பாழாகிவிட்டன.

வேறுபாடு எங்கே இருக்கிறது? சி.எஃப்.சி. தயாரித்தவை விரல்விட்டு எண்ணத்தக்க நிறுவனங்கள். சாய ஆலைகளோ நூற்றுக்கணக்கில். சி.எஃப்.சி.க்கு மாற்று இருந்தது. நிலக்கரிக்கும் பெட்ரோலுக்கும் அத்தனை எளிதில் மாற்று கிடைக்கவில்லை. மேட்டூர் ஆலைக்கு மாறுவதற்குப் பணம் வந்தது. நொய்யலின் சிறு சாயப்பட்டறைக்காரருக்கு முதலில் வந்தது நோட்டீஸ். ஓசோன் துளையால் பணக்கார நாட்டவரின் தோலுக்கும் ஆபத்து. சாயநீரால் கெட்டது கடைமடை விவசாயியின் கிணறு மட்டுமே. கடைசியாகச் சொன்ன இதுதான் மற்ற எல்லாவற்றையும்விடக் கசப்பான உண்மை என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆகவே, சட்டம் சுற்றுச்சூழலைக் காக்குமா என்ற கேள்விக்கு 'ஆம்', 'இல்லை' என்று ஒற்றைச் சொல்லில் பதில் இல்லை. அளப்பதற்குக் கருவி, மாறுவதற்கு வழி, மாறுபவருக்குப் பணம், மீறுபவருக்கு இழப்பு, புதிய உண்மை தெரிந்தால் தன்னையே திருத்திக்கொள்ளும் வசதி ஆகிய ஐந்தும் இருந்தால் சட்டம் காக்கும். இவற்றில் ஒன்றிரண்டு குறைந்தாலும் அது கோப்பில் உறங்கும். நம் ஊரில் சட்டம் தோற்றபோதெல்லாம் 'நம்மவர்கள் திருந்தமாட்டார்கள்' என்று சலித்துக்கொள்கிறோம். அதே நம்மவர்கள்தாம் 2008இல் கெடுவுக்கு முன்பே சி.எஃப்.சி. ஆலைகளை நிறுத்தினார்கள். அடுத்த முறை ஓர் ஆறு செத்துப்போன செய்தியைப் படிக்கும்போது, அந்த ஐந்தில் எது இல்லாமல் போனது என்று கேட்டுப் பார்க்கலாம்.